வீட்லயே ஜமைக்கா ஸ்டைல் ஜெர்க் இறால் கிரில்: கரி அடுப்புலயும் தோசைக்கல்லுலயும் பண்ற முழு வழிகாட்டி

கரீபியன் இறால்னு நம்ம ஊர்ல நிறைய பேர் பண்றது என்னன்னா, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு பேஸ்ட், கரம் மசாலா, எலுமிச்சை எல்லாம் போட்டு பிசறி, மேல கொஞ்சம் காஞ்ச தைம் தூவி குச்சில குத்தி சுடறது. சாப்பிட நல்லாத்தான் இருக்கும், குறை சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா அது தந்தூரி இறால். ஜெர்க்னா ஜமைக்காவுல மசாலா தடவி புகையில சுடற முறை, அதுல மூணு விஷயம் வாசனைல தெரியணும்: ஆல்ஸ்பைஸ் (மிளகு மாதிரி ஒரு காஞ்ச காய்), தைம் (ஒரு வாசனை இலை), ஸ்காட்ச் பானட் மிளகாய். இந்த மூணும் அரைச்ச வெங்காயத்தாளோட சேர்ந்து புகையில வேகணும், அவ்ளோதான் விஷயம். மிளகாய்த்தூள், மஞ்சத்தூள், சோம்பு, தயிர் இதெல்லாம் இந்த ரெசிபி பக்கமே வரக்கூடாது. வந்துச்சுன்னா நாக்கு உடனே நம்ம ஊருக்குத் திரும்பிடும்.

கொஞ்சம் பின்னணி, ஏன்னா சமையல் முறையே அதுலதான் இருக்கு. 1655-ல இங்கிலாந்து படை ஜமைக்காவை ஸ்பெயின்கிட்ட இருந்து பிடிச்சப்ப அங்க அடிமையா இருந்த ஆப்பிரிக்க மக்கள்ல பல பேர் மலைக்காட்டுக்குள்ள தப்பிச்சுப் போய்ட்டாங்க, மரூன்னு சொல்றது அவங்களைத்தான். அந்தத் தீவோட பூர்வகுடியான டைனோ மக்கள் கறியை மரச்சட்டத்து மேல போட்டு புகையில வாட்டி வச்சிருந்தாங்க, அந்த முறையும் ஆப்பிரிக்கக் கைப்பக்குவமும் ஒண்ணு சேர்ந்ததுதான் ஜெர்க். முதல்ல காட்டுப்பன்றி, ரொம்ப பின்னாடி கோழி, இறால் எல்லாம் கடைசியா வந்தது. இன்னிக்கும் போர்ட்லண்ட் பகுதியில இருக்கிற பாஸ்டன் பே போனீங்கன்னா பச்சை பிமென்டோ கட்டைகளை கரிக்கு மேல அடுக்கி அதும்மேலயே கறியை வச்சு சுடுவாங்க. பிமென்டோங்கிறது வேற ஒண்ணுமில்ல, ஆல்ஸ்பைஸ் காய்க்கிற மரம்தான், அதனால மசாலால என்ன வாசனையோ அதே வாசனைதான் புகைலயும் வரும்.

இறாலுக்குன்னு ஜமைக்கால தனியா பேர் போன ஊர் மிடில் குவார்ட்டர்ஸ். செயின்ட் எலிசபெத் பகுதியில ரோட்டோரமா பெண்கள் சின்ன பிளாஸ்டிக் கவர்ல செக்கச்செவேல்னு பெப்பர் ஷ்ரிம்ப் வச்சு வித்துட்டு இருப்பாங்க, ஆத்து இறால், தலை ஓடு எல்லாத்தோடயும் உப்பும் ஸ்காட்ச் பானட்டும் போட்டு வேக வச்சது. அது கிரில் இல்ல, சட்டில வேகறது. ஆனா அவங்ககிட்ட இருந்து நாம எடுத்துக்க வேண்டிய ஒரு பாடம் இருக்கு, இறாலோட மேல் ஓடு உரிக்காம அப்படியே விடுங்க. அதை பின்னாடி சொல்றேன்.

என்னென்ன வேணும்

சுத்தம் பண்ண பிறகு அரை கிலோ இறால் வர்ற அளவுக்கு கணக்கு. தலையோட வாங்கினா ஒரு கிலோ கிட்ட வாங்கணும், தலையும் குடலும் போக அவ்ளோதான் நிக்கும். ஸ்டார்ட்டரா நாலு பேருக்கு வரும், சோறோட சாப்பாடா சாப்பிட்டா ரெண்டு மூணு பேருக்கு.

- வெங்காயத்தாள் 6 தண்டு, வெள்ளை பச்சை ரெண்டும்
- பூண்டு 4 பல், இஞ்சி ஒரு இன்ச் துண்டு
- ஸ்காட்ச் பானட் அல்லது ஹபனேரோ மிளகாய் 1 (காரப் பிரியர்னா 2)
- ஃப்ரெஷ் தைம் 7, 8 காம்பு, இல்ல காஞ்சது ஒன்றரை டீஸ்பூன்
- முழு ஆல்ஸ்பைஸ் ஒன்றரை டீஸ்பூன், மிளகு 1 டீஸ்பூன்
- ஜாதிக்காய் துருவினது கால் டீஸ்பூன், பட்டைத்தூள் கால் டீஸ்பூன்
- நாட்டுச்சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன்
- சோயா சாஸ் 1 டேபிள்ஸ்பூன், எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன்
- எலுமிச்சை 2
- உப்பு, ஆப்பசோடா கால் டீஸ்பூன்
- புகைக்கு தனியா ஒரு கைப்பிடி ஆல்ஸ்பைஸ், 5, 6 பிரிஞ்சி இலை

சோயா சாஸ் எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க, இன்னிக்கு ஜமைக்கா வீடுகள்ல ஜெர்க் மசாலால அது ரொம்ப சாதாரணம்.

கிடைக்காத சாமானுக்கு என்ன பண்றது

இந்தப் பகுதியை அவசரப்பட்டு தாண்டிடாதீங்க, பாதிப் பேருக்கு டேஸ்ட் தப்பிப் போறது இங்கதான்.

முதல்ல ஆல்ஸ்பைஸ். இது கலவை மசாலா இல்ல, ஒரே ஒரு மரத்தோட காஞ்ச காய், மிளகை விட கொஞ்சம் பெருசா பழுப்பு நிறத்துல இருக்கும். கேரளா பக்கம் சர்வசுகந்தின்னு வீட்டுத் தோட்டத்துலயே மரம் வச்சிருப்பாங்க, இலையை பிரியாணிக்கும் போடுவாங்க. பெரிய சூப்பர் மார்க்கெட்லயும் ஆன்லைன்லயும் முழுசா கிடைக்குது, பொடி வாங்காதீங்க, பாதி வாசனை பாக்கெட்டுக்குள்ளயே செத்திருக்கும். சுத்தமா கிடைக்கவே இல்லன்னா அந்த ஒன்றரை டீஸ்பூனுக்கு பதிலா முக்கால் டீஸ்பூன் பட்டைத்தூள், கால் டீஸ்பூனுக்கு சொச்சம் கிராம்புத்தூள், அதே அளவு ஜாதிக்காய்னு கலந்துக்கலாம். கிராம்புலயும் ஆல்ஸ்பைஸ்லயும் முக்கியமா வாசனை குடுக்கிறது யூஜினால்ங்கிற ஒரே பொருள், அதனால ஓரளவுக்கு ஒத்து வரும். ஆனா கொஞ்சம் பிரியாணி வாடை எட்டிப் பாக்கும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

அடுத்தது மிளகாய். ஸ்காட்ச் பானட்டோட காரம் ஸ்கோவில் அளவுல சுமார் ஒரு லட்சத்துல இருந்து மூன்றரை லட்சம் வரைக்கும் போகும், ஆனா அதை தேடிப் பிடிக்கறது காரத்துக்காக இல்ல. அதுல பழ வாசனை ஒண்ணு இருக்கு, மாம்பழமும் ஆப்ரிகாட்டும் கலந்த மாதிரி, பச்சை மிளகாய்ல அது வரவே வராது. ஹபனேரோ அதே இனம், வித்தியாசம் ரொம்ப கம்மி. இலங்கைல இருக்கிறவங்களுக்கு கவலையே இல்ல, அங்க கிடைக்கிற நை மிரிஸ் இதோட நெருங்கின சொந்தம், அப்படியே போடலாம். ரெண்டும் கிடைக்கலன்னா நான் பண்ற வழி: சிவப்பு குடமிளகாய் கால் பங்கு, காந்தாரி மிளகாய் 6, 7, ரெண்டையும் சேர்த்து அரைக்கறது. வாசனைக்கு குடமிளகாய், காரத்துக்கு காந்தாரி. முழு திருப்தி இருக்காது, ஆனா வர மிளகாய் போடறதுக்கு ஆயிரம் மடங்கு தேவலாம்.

தைம் விஷயத்துலதான் ஒரு நல்ல செய்தி இருக்கு. நம்ம வீட்டு வாசல்ல தொட்டில வளர்ற கற்பூரவல்லி, இருமலுக்கு கஷாயம் போடுவோமே, அதே செடியை கரீபியன் தீவுகள்லயும் வளர்க்கறாங்க, அகல இலை தைம்னு சொல்லி மீனுக்கும் கறிக்கும் மசாலால அரைக்கறாங்க. அதனால தைம் இல்லன்னா தாராளமா கற்பூரவல்லி போடலாம், இது ஏமாத்து வேலை இல்ல. ஆனா அரை கிலோவுக்கு நடுத்தர சைஸ்ல 3 இலை போதும், அதுக்கு மேல போனா விக்ஸ் தடவின மாதிரி ஆயிடும். கூட ஒரு சிட்டிகை ஓமம் நுணுக்கிப் போட்டா இன்னும் கிட்ட வரும், தைம்ல இருக்கிற தைமால் ஓமத்துலயும் நிறைய இருக்கு.

இறால் வாங்கறதும் சுத்தம் பண்றதும்

கிரில்லுக்கு குட்டி இறால் வேண்டாம். தலையோட கிலோவுக்கு 30, 40 நிக்கிற சைஸ் கேளுங்க, அதுக்கு சின்னதா போனா மேல நிறம் வர்றதுக்குள்ள உள்ள ரப்பர் ஆயிடும். வனாமி எல்லா எடத்துலயும் கிடைக்கும், வெலையும் கம்மி, இந்த மசாலாவுக்கு அதுவே போதும். டைகர் இறால் கெட்டியா இருக்கும், கரிக்கு இன்னும் நல்லா தாங்கும், ஆனா உங்க பர்ஸைப் பாத்து முடிவு பண்ணுங்க. தலை உடம்போட இறுக்கமா ஒட்டியிருக்கணும், ஓடு பளபளன்னு இருக்கணும், மூக்கு கிட்ட கொண்டு போனா கடல் வாடைதான் வரணும். அமோனியா நெடி லேசா அடிச்சா கூட எவ்ளோ தள்ளுபடி குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடுங்க. ஃப்ரோசன் வாங்கினா ராத்திரியே ஃப்ரீசர்ல இருந்து ஃப்ரிட்ஜுக்கு மாத்திடுங்க, வெந்நீர்ல போட்டு உருக்கற வேலை ஆகாது.

இப்ப ஓடு விஷயம். ஓட்டோட சுடும்போது சதை நேரா தீயில படாது, ஈரம் உள்ளயே நிக்கும், அதோட கருகற ஓட்டுலதான் இறாலோட மொத்த வாசனையும் இருக்கு. அதனால தலையை மட்டும் திருகி எடுத்துடுங்க, சின்ன கத்திரிக்கோலை தலைப்பக்கம் இருந்து விட்டு முதுகு ஓட்டை வால் வரைக்கும் வெட்டிக்கிட்டே போங்க, அப்புறம் கத்தியால அதே கோட்டுல பாதி ஆழத்துக்கு கீறி அந்தக் கருப்பு குடலை இழுத்து எடுத்துடுங்க. ஓடு ரெண்டு பக்கமும் சட்டை மாதிரி நிக்கும், நடுவுல மசாலா போக வழியும் இருக்கும். சாப்பிடும்போது கையால உரிச்சு விரலை சூப்பிக்கிட்டே சாப்பிடணும், அதுக்கு வீட்ல ஆள் ஒத்துக்க மாட்டாங்கன்னா வாலை மட்டும் விட்டுட்டு உரிச்சிடுங்க, தப்பில்ல, வேகற நேரம் மட்டும் கொஞ்சம் குறையும்.

தலையைத் தூக்கிப் போடாதீங்க. கொஞ்சம் எண்ணெய்ல வதக்கி ரெண்டு டம்ளர் தண்ணி ஊத்தி 20 நிமிஷம் கொதிக்க விட்டு வடிகட்டி வைங்க, சோத்துக்கு தேவைப்படும்.

சுத்தம் பண்ண இறால்ல அரை டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் ஆப்பசோடா போட்டு பிசறி 15, 20 நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல வைங்க. உப்பு உள்ள இறங்கி தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும், சோடா சதையை லேசா காரத்தன்மைக்கு (மிளகாய்க் காரம் இல்ல, புளிப்புக்கு எதிர் குணம்) கொண்டு போறதால சூட்டுல இறால் இறுகிச் சுருங்காது, கடிச்சா நறுக்குனு இருக்கும். அளவு மட்டும் தாண்டாதீங்க, சோடா கூடினா சோப்பு டேஸ்ட்தான். அப்புறம் கிச்சன் டிஷ்யூவால ஒவ்வொண்ணா ஒத்தி எடுங்க, ஈரமா இருந்தா மசாலா ஒட்டாம வழுக்கிட்டு கரில போய் விழும்.

மசாலா அரைக்கறது

ஆல்ஸ்பைஸையும் மிளகையும் வெறும் சட்டில சின்ன தீயில ஒரு ரெண்டு நிமிஷம் வறுங்க, காய் லேசா உப்பி பளபளப்பு வர்றப்ப நிறுத்திடணும். இடிக்கல்லு இருந்தா அதுலயே இடிங்க, மிக்சில அடிச்சாலும் பரவால்ல, கொஞ்சம் கொரகொரன்னு இருக்கட்டும்.

மிளகாய்க்கு கையுறை போட்டுக்கோங்க. இதை சும்மா சம்பிரதாயத்துக்கு சொல்லல, காரத்தைக் குடுக்கிற கேப்சைசின் தண்ணில கரையாது, வெறும் தண்ணில கழுவிட்டு கண்ணைக் கசக்கினீங்கன்னா அன்னிக்கு சமையல் அதோட முடிஞ்சுது. தெரியாம கைல பட்டுடுச்சுன்னா முதல்ல எண்ணெய் தடவி தேய்ச்சுட்டு அப்புறம் சோப்பு போடுங்க. விதையை விட விதை ஒட்டியிருக்கிற அந்த வெள்ளை நரம்புலதான் காரம் ஜாஸ்தி, முதல் தடவை பண்றவங்க அதை சுரண்டி எடுத்துடலாம்.

இப்ப வெங்காயத்தாள், பூண்டு, இஞ்சி, மிளகாய், தைம் இலை, வறுத்துப் பொடிச்சது, ஜாதிக்காய், பட்டை, நாட்டுச்சர்க்கரை, சோயா சாஸ், எண்ணெய், கால் டீஸ்பூன் உப்பு எல்லாத்தையும் மிக்சில போட்டு விட்டு விட்டு அடிங்க. தண்ணி ஒரு சொட்டு கூட வேண்டாம். சட்னி மாதிரி நைசாவும் போகக்கூடாது, விரல்ல எடுத்தா பச்சைப்பசேல்னு துவையலை விட கொஞ்சம் தளர்வா, நடுவுல தைம் இலை ஆல்ஸ்பைஸ் துகள் எல்லாம் தெரியணும். மூடியைத் திறக்கறப்ப மூஞ்சியை தள்ளி வச்சுக்கோங்க, அந்த நெடி மூக்குல ஏறினா பத்து தும்மல் நிச்சயம். மறுநாள் அதே ஜார்ல தேங்காய் சட்னி அரைக்கப் போறீங்கன்னா இன்னிக்கே ரெண்டு தடவை சோப்பு போட்டு கழுவிடுங்க, பசங்க பாவம்.

நாக்குல தொட்டுப் பாத்தா இந்த நேரத்துல கொஞ்சம் கசப்பா, ரொம்ப மூர்க்கமா இருக்கும். பயப்படாதீங்க, தீயில போனதும் அடங்கிடும்.

இதுல 3 டேபிள்ஸ்பூன் தனியா எடுத்து வச்சுடுங்க, கடைசில மேல தடவறதுக்கு. மிச்சத்தை இறால் மேல போட்டு, முதுகுக் கீறலுக்குள்ள விரலை விட்டு தடவி, மூடி ஃப்ரிட்ஜ்ல அரை மணில இருந்து ரெண்டு மணி நேரம் வரைக்கும் வைங்க. ராத்திரி முழுக்க ஊற வைக்கறது கோழிக்கும் பன்றிக்கும்தான், இறாலுக்கு அது வேலைக்காகாது. எலுமிச்சையை இப்ப ஊத்திடாதீங்க. புளிப்பு இறால் சதையை பச்சையாவே வேக வச்சுடும், வெள்ளையா மாறி அப்புறம் தீயில போட்டா மாவு மாவா போயிடும். எலுமிச்சைக்கு வேலை கடைசிலதான்.

குச்சி, கரி, புகை

மூங்கில் குச்சின்னா அரை மணி நேரமாவது தண்ணில முக்கி வைங்க, இல்லன்னா குச்சிதான் முதல்ல எரியும். ஒரு இறாலுக்கு ரெண்டு குச்சி குத்துங்க, தலைப்பக்கம் ஒண்ணு வால்பக்கம் ஒண்ணு, ஏணி மாதிரி இணையா. ஒத்தக் குச்சில குத்தினா திருப்பறப்ப குச்சி மட்டும் சுத்தும், இறால் அதே பக்கத்தைக் காட்டிட்டு உக்காந்திருக்கும். ஒரு ஜோடிக் குச்சிக்கு 5, 6 இறால், நடுவுல விரல் நுழையற இடைவெளி.

கரிக்கு சிரட்டைக்கரியே அருமையான சரக்கு, சூடு நல்லா வரும், புகை கம்மி. பத்த வச்சு மேல சாம்பல் வெள்ளையா போர்த்தற வரைக்கும் காத்திருங்க, பொறுமை இல்லாம தீ எரியறப்பவே வச்சா கருகலும் மண்ணெண்ணெய் வாடையும்தான் மிஞ்சும். கம்பி வலைக்கு ஒரு சாண் மேல உள்ளங்கையைக் காட்டுங்க, ரெண்டு மூணு செகண்டுக்கு மேல வைக்க முடியலன்னா சூடு சரி. கரியை ஒரு பக்கமா கூடவும் இன்னொரு பக்கமா கம்மியாவும் தள்ளி வைங்க, நாட்டுச்சர்க்கரை இருக்கறதால திடீர்னு கருக ஆரம்பிச்சா நகர்த்த இடம் வேணும்.

பிமென்டோ கட்டைக்கு நாம எங்க போறது? அந்த ஒரு கைப்பிடி ஆல்ஸ்பைஸையும் பிரிஞ்சி இலையையும் அரை மணி தண்ணில ஊற வச்சு, ஃபாயில்ல பொட்டலமா மடிச்சு, குச்சியால நாலஞ்சு ஓட்டை போட்டு கரி மேல வைங்க. ரெண்டு நிமிஷத்துல புகை கிளம்பும். இன்னொரு யோசனையும் இருக்கு, பிமென்டோ, கொய்யா, நாவல், கிராம்பு எல்லாமே தாவரவியல்ல ஒரே குடும்பம். வீட்டுக் கொய்யா மரத்துல வெட்டிக் காஞ்ச கிளை இருந்தா விரல் கனத்துக்கு நாலு துண்டு கரில சொருகுங்க, இனிப்பா மென்மையா ஒரு புகை வரும், ஆல்ஸ்பைஸோட சேர்ந்தா நல்லா பொருந்துது. பெயிண்ட் அடிச்ச பலகை, பிளைவுட், பழைய ஜன்னல் கட்டை இதெல்லாம் தயவுசெஞ்சு கிட்டக் கொண்டு வராதீங்க.

ஃபிளாட்ல இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, கரியை மூடின கிச்சன்லயோ ரூம்லயோ எரிக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலை சுத்தறப்பதான் தெரியும். மொட்டை மாடி இல்லன்னா கீழ சொல்ற தோசைக்கல் வழியே போதும்.

சுடறது

இது மொத்தமே நாலஞ்சு நிமிஷ வேலை, அதனால தட்டு, எலுமிச்சை, எடுத்து வச்ச மசாலா, பிரஷ் எல்லாம் பக்கத்துல வச்சுட்டு அப்புறம் ஆரம்பிங்க. ஃபோனை உள்ள வச்சுட்டு வந்துடுங்க.

கம்பி வலையை எண்ணெய் துணியால துடைச்சு, இறால் குச்சியை சூடான பக்கத்துல வைங்க. வச்ச கையோட நகர்த்தாதீங்க, ரெண்டு நிமிஷம் அப்படியே விட்டா தானே வலையை விட்டு வரும், ஒட்டிக்கிட்டு இழுக்குதுன்னா இன்னும் ஆகலன்னு அர்த்தம். மூடி இருந்தா மூடுங்க, இல்லன்னா ஒரு பழைய அலுமினிய சட்டியைக் கவுத்துங்க, புகை உள்ள சுத்தணும். திருப்பிப் போட்டு இன்னொரு ஒன்றரை, ரெண்டு நிமிஷம். ஓடு உரிச்சதுன்னா பக்கத்துக்கு அரை நிமிஷம் குறைச்சுக்கோங்க.

வெந்துச்சான்னு பாக்கறதுக்கு எல்லாரும் சொல்றது, லேசா வளைஞ்சா சரி, வட்டமா சுருண்டா அதிகம்னு. குச்சில குத்தின இறால் எப்படிங்க சுருளும், ரெண்டு பக்கமும் பிடிச்சு வச்சிருக்கே? அதனால வளைவைப் பாக்காதீங்க, முதுகுக் கீறலைப் பாருங்க. பச்சையா இருக்கறப்ப அந்தப் பிளவுக்குள்ள கண்ணாடி மாதிரி சாம்பல் கலர்ல இருக்கும், வேக வேக ஓரத்துல இருந்து உள்ள பாத்து வெள்ளையும் ரோசுமா மாறிக்கிட்டே வரும். தலை இருந்த பக்கம்தான் தடிமன் அதிகம், அங்க பிளவோட அடி வரைக்கும் கண்ணாடித்தன்மை போன அந்த நொடில எடுத்துடணும். தெர்மாமீட்டர் இருந்தா 63 டிகிரி செல்சியஸ். ஒரு நிமிஷம் ஓவர் ஆனாலும் திரும்பி வராது.

எடுக்கறதுக்கு அரை நிமிஷம் முன்னாடி, தனியா வச்ச மசாலால 2 ஸ்பூனை ஒரு ஸ்பூன் உருக்கின வெண்ணெயோட கலந்து மேல தடவுங்க. தட்டுக்கு வந்ததும் ஒரு எலுமிச்சையை முழுசா பிழிஞ்சு விடுங்க. இறால் ஊறின பாத்திரத்துல மிச்சமிருக்கிற மசாலாவை இதுக்கு எடுத்துடாதீங்க, பச்சை இறால் தண்ணி கலந்தது அது, வேணும்னா சின்ன சட்டில அஞ்சு நிமிஷம் நல்லா கொதிக்க வச்சுட்டு யூஸ் பண்ணலாம்.

கரி இல்லாதவங்களுக்கு

இரும்பு தோசைக்கல்லை ஃபுல் தீயில புகை வர்ற வரைக்கும் காய வைங்க, எண்ணெயை கல்லுல ஊத்தாம இறால்ல தடவிக்கிட்டு, கூட்டம் சேர்க்காம 7, 8 இறாலா போட்டு கரண்டியால அழுத்தி விடுங்க. பக்கத்துக்கு ஒன்றரை நிமிஷம். ஜன்னலைத் திறந்து வைங்க, மிளகாய் நெடி ஹால் வரைக்கும் போகும். நான்ஸ்டிக்ல இது வராது, அவ்ளோ சூடு அதுக்கு ஆகவும் ஆகாது. புகைக்கு, கேஸ் அடுப்புலயே ஒரு துண்டு கரியை செக்கச்செவேல்னு சுட வச்சு சின்னக் கிண்ணத்துல போட்டு இறால் பாத்திரத்துக்கு நடுவுல வச்சு, அதும்மேல இடிச்ச ஆல்ஸ்பைஸ் அஞ்சாறும் ரெண்டு சொட்டு எண்ணெயும் விட்டு மூணு நிமிஷம் இறுக்கி மூடுங்க. நம்ம ஆளுங்க பிரியாணிக்கு நெய் விட்டு புகை போடற அதே முறை, நெய்யை மட்டும் தவிர்த்துடுங்க.

ஓடிஜி (கரண்ட் அவன்) இருந்தா 230 டிகிரில மேல் ராட் மட்டும் போட்டு 5, 6 நிமிஷம். ஏர் ஃப்ரையர்னா 200 டிகிரில கிட்டத்தட்ட அதே நேரம், நிறம் வரும் ஆனா ஓரம் கருகின அந்த ருசி வராது. எனக்கு ஏர் ஃப்ரையரை விட தோசைக்கல்தான் பிடிச்சிருக்கு.

தொட்டுக்க ஒரு சாஸ்

ஜமைக்காலயே மாம்பழ சல்சா வச்சு குடுப்பாங்கன்னு நினைச்சா, அது பெரும்பாலும் ஹோட்டல் வேலை. எனக்கு இதோட பிடிச்சது குவாதலூப், மார்த்தினிக் தீவுகள்ல சுட்ட மீனுக்கு வைக்கிற சாஸ் ஷியான். வெங்காயத்தாள் 4, சின்ன வெங்காயம் 3, பூண்டு ஒரு பல், அதே மிளகாய்ல பாதி, பார்ஸ்லி இல்ல கொத்தமல்லி, கொஞ்சம் தைம், எல்லாத்தையும் கத்தியாலயே பொடியா நறுக்கி உப்பு போட்டு, கால் கப் கொதிக்கிற தண்ணியை மேல ஊத்தி மூடி வைங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒரு எலுமிச்சை, மூணு டேபிள்ஸ்பூன் எண்ணெய். கால் மணி நேரம் ஊறினா போதும், வெந்நீர் பட்டு வெங்காயத்தோட காட்டம் போயிடும், பச்சை வாசனை நிக்கும்.

இந்த ரெண்டு பிரெஞ்சுத் தீவுக்கும் நமக்கும் ஒரு பழைய சங்கதி இருக்கு. 1853-ல மார்த்தினிக்குக்கும் 1854-ல குவாதலூப்புக்கும் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல்ல கொண்டு போக ஆரம்பிச்சாங்க, பாண்டிச்சேரி, காரைக்கால் வழியா போனவங்கள்ல தமிழர்கள் நிறைய. அங்க இன்னிக்கும் கொலம்போன்னு ஒரு பொடி வச்சு ஆட்டுக்கறி, கோழி எல்லாம் குழம்பு வைக்கறாங்க, மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள்னு உள்ள இருக்கிறதைப் பாத்தா நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டிதான். ஆனா அந்தப் பொடியை ஜெர்க்ல கலக்காதீங்க, அது வேற தீவு வேற சமையல்.

கூட என்ன வைக்கலாம்

ஜமைக்கால ஞாயித்துக்கிழமை சாப்பாடுன்னா ரைஸ் அண்ட் பீஸ். பேர்தான் பீஸ், போடறது பெரும்பாலும் ராஜ்மா. முக்கால் கப் ராஜ்மாவை ராத்திரியே ஊற வச்சு, புதுத் தண்ணில நல்லா கொதிக்க வச்சு மசியாம வேக விட்டு, ரெண்டு கப் கழுவின அரிசி, ஒரு டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால், தலை வேக வச்ச இறால் தண்ணி, வெங்காயத்தாள், தைம், ஆறேழு ஆல்ஸ்பைஸ், உப்பு சேர்த்து, மேல ஒரு முழு ஸ்காட்ச் பானட்டை உடையாம மிதக்க விட்டு சின்ன தீயில வேக வைங்க. தண்ணி மொத்த அளவு உங்க அரிசிக்குத் தக்கபடி. மிளகாய் வெடிக்காம இருந்தா வாசனை மட்டும் இறங்கும், வெடிச்சா சோறு மொத்தமும் நெருப்பு, அதனால கிளறாதீங்க.

ஈரப்பலாக்காய் (பிரெட்ஃப்ரூட்) கிடைக்கிற ஊர்ல இருந்தா இன்னும் வசதி. 1793-ல பிளைங்கிற பிரிட்டிஷ் கப்பல் கேப்டன் டஹிட்டில இருந்து கன்னுகளை கப்பல்ல ஏத்தி ஜமைக்காவுக்குக் கொண்டு வந்தாரு, போகப் போக அது அங்க சாதாரண சாப்பாடு ஆயிடுச்சு. முழுக் காயை தோலோட கரில போட்டு திருப்பித் திருப்பி 45 நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் தோல் கருகற அளவுக்கு சுட்டு, தோலைச் சீவி துண்டு போட்டு உப்பு வெண்ணெய் தடவினா இறாலோட அம்சமா இருக்கும். இதை முதல்ல சுட்டுட்டு, குறைஞ்ச கரிக்கு புதுசா ரெண்டு கை சேர்த்து சாம்பல் பூத்ததும் இறாலைப் போடுங்க. ஈரப்பலா இல்லன்னா அவிச்ச மரவள்ளி, ஜமைக்காலயும் மரவள்ளியைத் துருவிப் பிழிஞ்சு பாமின்னு அடை மாதிரி பண்ணுவாங்க, அதனால அந்நியமா தெரியாது.

மிச்சம் ஆனா

இறாலை மறுபடி சூடு பண்ணாதீங்க, மைக்ரோவேவ்ல நிச்சயமா வேண்டாம், அழிரப்பர் ஆயிடும். ஃப்ரிட்ஜ்ல வச்சு மறுநாள் உரிச்சு துண்டாக்கி, வெள்ளரி, வெங்காயம், எலுமிச்சை போட்டு குளிர்ச்சியாவே சாலட்டா சாப்பிடலாம், இல்ல பிரெட்டுக்கு நடுவுல மயோனீஸோட. ரெண்டாவது நாளைத் தாண்ட விடாதீங்க.

மசாலாவை ஒரேயடியா ரெண்டு மடங்கு அரைச்சு, எலுமிச்சை சேர்க்காம ஐஸ் ட்ரேல ஊத்தி ஃப்ரீஸ் பண்ணிட்டா மூணு மாசம் கவலையில்ல. அரை கிலோ இறாலுக்கு 4, 5 கட்டி வேணும். கோழித் தொடைக்குன்னா 6 கட்டி, முதல் நாள் ராத்திரியே தடவி வச்சுடணும். ட்ரே மேல ரெண்டு கவர் சுத்தி வைங்க, இல்லன்னா பக்கத்துல இருக்கிற ஐஸ்க்ரீம்ல பூண்டு வாடை ஏறிடும்.